அரைப் பேர் முத்துமாரி

மு, த், து. மூன்று அட்டைகளைத் தரையில் நெருக்கி அடுக்கினாள் முத்துமாரி. மா, ரி இரண்டையும் பாவாடை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, வேலை முடிந்த ஆள் மாதிரி கையைக் கட்டி உட்கார்ந்துவிட்டாள்.

வெளியே மழை விட்டிருந்தது. ஓட்டுச் சந்தில் மட்டும் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டுகிற இடத்தில் ஈயப் போணி ஒன்றை வைத்திருந்தேன். அது நிரம்பி வழிந்து அட்டைகள் நனைந்துவிடுமோ என்று எனக்கு ஒரு கண் அதன்மேலேயே இருந்தது.

அன்றைய விளையாட்டு இதுதான். அட்டைகளை நடுவில் கொட்டிவிடுவோம். பிள்ளைகள் தங்கள் தங்கள் பேருக்கான எழுத்துகளைப் பொறுக்கி அடுக்க வேண்டும். அட்டை என்றால் கடையில் வாங்கியது இல்லை. கல்யாணப் பத்திரிகைகளின் எழுதாத பக்கம். சதுரமாக வெட்டி, ஒன்றுக்கு ஓர் எழுத்து. தாண்டிக்குடிப் பக்கம் யார் வீட்டில் மேளம் கொட்டினாலும் எங்களுக்கு எழுத்து கிடைக்கும். ஆடியிலும் மார்கழியிலும்தான் கொஞ்சம் தட்டுப்பாடு.

"டீச்சர், எனக்கு 'ரோ' கெடைக்கல. எவனோ ஒளிச்சு வச்சிருக்கான்" என்று கத்தினான் ஆரோக்கியசாமி.

"ஒளிச்சு வச்சுத் திங்க அது முறுக்காடா? கால அகட்டிப் பாரு. நீதான் அது மேல உக்காந்திருக்க" என்றார் எஸ்தர் டீச்சர்.

நான் முத்துமாரி பக்கம் குனிந்தேன். "மிச்சத்த ஏன் புள்ள மடியில வச்சிருக்க? வையி."

"வேணாங்கக்கா. எனக்கு அரைப் பேருதாங்க."

வகுப்பே சிரித்தது. "அரைப் பேரு, அரைப் பேரு" என்று ஆரோக்கியசாமி பாட்டாகவே எடுத்துவிட்டான். அவள் அழவில்லை. சிரிக்கிறவர்களுக்கு இந்தச் சின்ன விஷயம்கூடத் தெரியவில்லையே என்பதுபோல அவர்களைப் பார்த்தாள். எனக்கும் தெரியவில்லை. டீச்சருக்கும் தெரியவில்லை.

நான் அங்கே வந்த கதை

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு நான் போனது பாடம் சொல்லிக் கொடுக்க இல்லை. சோறாக்க. மதியச் சாப்பாட்டுக்கு ஆயா வேலை. படிப்பு ஏழாவதோடு நின்றுபோன எனக்கு அதுவே பெரிசு. காப்பித் தோட்டங்களுக்கு நடுவே ஒற்றை அறை, ஐந்து வகுப்பு, ஒரே டீச்சர். எஸ்தர் டீச்சர் கோடைக்கானல்காரர். வாரக் கடைசியில் பஸ் பிடித்து ஊருக்குப் போய், திங்கட்கிழமை வெள்ளனே ஜீப்பில் தொற்றிக்கொண்டு வந்து இறங்குவார்.

வந்த கொஞ்ச நாளிலேயே என்னைக் கூப்பிட்டார். "சாந்தி, பெரிய பிள்ளைங்களுக்கு நான் கணக்குப் போடுற நேரத்துல இந்தச் சின்னதுங்க ஊளையிடுது. நீ கொஞ்சம் பிடிச்சுக்க. பாடம் நடத்த வேணாம். வெளாட்டு காட்டு. எல்லாம் ஆக்டிவிட்டிதான்."

"டீச்சர், நான் ஏழாவதுதான்."

"அதுங்க ஒண்ணாவதுதான் சாந்தி. போதும்."

ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. மறுநாள் எதையாவது தப்பாகச் சொல்லிவிட்டால், அந்தப் பிள்ளை காலம் பூராவும் அதையே சொல்லிக்கொண்டு திரியுமே என்று பயம். நான் பயப்படுகிற ஆள். இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்கள் இதற்குள் கண்டுபிடித்திருப்பார்கள். அடுப்பை அணைத்துவிட்டு, அணைத்தேனா என்று பார்க்கப் பாதி வழியிலிருந்து திரும்பி ஓடுகிறவள் நான்.

எங்களிடம் இருந்த சாமான்கள் அவ்வளவும் ஒரு சாக்குக்குள் அடங்கும். தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்கள், எண் படிக்க. அதில் ஞாயிற்றுக்கிழமை எண்கள் சிவப்பாக இருக்கும். பிள்ளைகள் அதற்கு 'லீவு நம்பர்' என்று பேர் வைத்தார்கள். சிவப்பு எண் கைக்கு வந்தால் ஒரு சுற்று சும்மா உட்கார வேண்டும். இந்தச் சட்டத்தை யார் போட்டார்கள் என்று இன்றுவரை தெரியாது. நான் போடவில்லை. தாளின் மூலையில் இருக்கும் ராசிபலனை மட்டும் யாரும் பார்க்காத நேரத்தில் நான் படித்துவிடுவேன். என் ராசிக்குப் பெரும்பாலும் 'கவலை' என்றே போட்டிருக்கும்.

பழனி பஞ்சாமிர்த டப்பாக்கள் நான்கைந்து இருந்தன. மலையிறங்கிக் கோயிலுக்குப் போய்வந்தவர்கள் கொடுத்தவை. எத்தனை தரம் சாம்பல் போட்டுக் கழுவினாலும் எறும்பு வாசம் பிடித்து வந்துவிடும். ஒன்றில் கூழாங்கல், ஒன்றில் சோடா மூடி, ஒன்றில் வத்திக்குச்சி போட்டு மூடி, குலுக்குவோம். உள்ளே இருப்பது என்ன என்று காதால் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு அதன் பேரைச் சிலேட்டில் எழுத வேண்டும். கண்டுபிடிக்க எல்லாரும் வருவார்கள். எழுதச் சொன்னால் பாதிப் பேருக்கு ஒன்றுக்கு வந்துவிடும்.

எண்ணுவதற்குப் புளியங்கொட்டை வைத்திருந்தோம். ஒரு பயல் அதை மூக்கில் போட்டுக்கொண்டான். டீச்சர் அவன் மறு மூக்கைப் பொத்தி, 'ஊது, ஊது' என்று வெளியே கொண்டுவருவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. அன்றிலிருந்து புளியங்கொட்டை வேண்டாம் என்று காலில் விழாத குறையாகக் கேட்டேன். அதற்குப் பதிலாகத்தான் காப்பிப் பழம் வந்தது. பாதையில் உதிர்ந்து கிடக்கும். மூக்குக்குள் போகாத பருமன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பேர் என்றால்

அன்று சாயங்காலம் லயத்துப் பக்கம் போனேன். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளை முத்துமாரி வீட்டார் லயம் என்றுதான் சொல்வார்கள். அவர்கள் சிலோனிலிருந்து திரும்பி வந்தவர்கள். மண்டபம் முகாமில் கொஞ்ச காலம், பிறகு எங்கெங்கோ, கடைசியில் இங்கே. அப்பன் மரம் வெட்ட மலையாளத்துப் பக்கம் போனவன், போனவன்தான். அம்மா லெட்சுமி, முத்துமாரி, கைப்பிள்ளை ஒன்று.

லெட்சுமி ஒரு போணியில் சாயத் தண்ணி கொடுத்தாள். "தேத்தண்ணி குடிங்க. பாலு இல்ல."

அட்டை விஷயத்தைச் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அங்கிட்டு எங்க தோட்டத்துல நாள் சம்பளத்தப் பேருன்னுதாங்க சொல்றது. முழு நாள் வேல பாத்தா கணக்கப்பிள்ள முழுப் பேர் போடுவாரு. பாதில அனுப்பிட்டா அரைப் பேரு. வீட்ல நாங்க அப்பிடியே கதைக்கிறதக் கேட்டிருக்கு. பள்ளிக்கோடத்துக்கு அரை நாள்தான வருது? அதுக்கு அரைப் பேருதான்னு நெனச்சுக்கிருச்சு."

இந்தப் பக்கத்து ஆட்கள் 'அரை ஆள், முழு ஆள்' என்பார்கள். அதனால்தான் எங்கள் யாருக்கும் பிடிபடவில்லை.

முத்துமாரி அரை நாளோடு போவதற்குக் காரணம் அந்தக் கைப்பிள்ளை. காலையில் லெட்சுமி அவனைக் காப்பிச் செடிக்கு நடுவே நிழல் மரத்தில் தூளி கட்டிப் போட்டுவிடுவாள். மத்தியானம் ஆனால் மேலேயிருந்து மூட்டம் இறங்கிவிடும். நனைந்த துணியில் பிள்ளையைப் போட முடியாது. முத்துமாரி சோறு தின்ற கையோடு ஓடிப்போய் அவனைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குள் இருக்க வேண்டும்.

"அங்க புள்ளக் காம்பரா இருந்துச்சுங்க. ஆயா ஒண்ணு பாத்துக்கிரும். இங்க எம் முதுகும் அவ இடுப்புந்தான்" என்றாள் லெட்சுமி.

டீச்சரிடம் வந்து சொன்னேன். டீச்சர் சொன்னார்: "மூணாங்கிளாஸ் வந்தும் சின்னதுங்களோடதான் உக்காந்திருக்கா. இப்பிடிப் பாதி நாளா வந்தா பாடம் அவளுக்கு ஏறாது சாந்தி. ஏறலேன்னா வர மாட்டா. வராத பிள்ளையத் தோட்டத்து மேஸ்திரி கண்ணு வச்சிருவாரு. பழம் பறிக்கிற காலம் வருது. ஒரு தடவ கூடையத் தூக்கிட்டான்னா அவ்வளவுதான். அவள மத்தியானம் இங்க உக்கார வச்சுறணும்."

"பிள்ள?"

"பிள்ளையும் வரட்டும்."

தொட்டில்

சமையல் கொட்டகைக்கும் வகுப்புக்கும் நடுவில் இருந்த உத்திரத்தில் என் பழைய சேலையைக் கட்டினேன். புகை வராத பக்கமாக. கட்டிவிட்டு அதில் ஒரு படி அரிசி மூட்டையைப் போட்டு ஆட்டிப் பார்த்தேன். பிறகு இரண்டு படி. டீச்சர் சொன்னார், "அடுத்து என்னைத் தூக்கிப் போட்டுப் பாரு, அப்பத்தான் ஒனக்கு நம்பிக்க வரும்."

பிள்ளை வந்தது. அது வந்ததும் டீச்சர் அதையும் ஒரு ஆக்டிவிட்டி ஆக்கிவிட்டார். முறை வைத்துத் தொட்டில் ஆட்ட வேண்டும். போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. இரண்டு, நாலு, ஆறு, எட்டு. இரண்டாம் வாய்ப்பாடு முழுக்க அந்தப் பிள்ளையை ஆட்டித்தான் எங்கள் வகுப்பில் மனப்பாடம் ஆனது. தப்பாகச் சொன்னால் முறை போய்விடும். பிள்ளை விழித்து அழுதாலும் போய்விடும். ஆரோக்கியசாமி கத்திச் சொல்லியே அவனை எழுப்பிவிட்டு, "அவன் என் முறையில மட்டும் வேணும்னே முழிக்கிறான்" என்று சண்டைக்கு நிற்பான்.

முதல் நாள் மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் முத்துமாரி பழக்கத்தில் எழுந்து வாசல்வரை போய்விட்டாள். தொட்டிலைப் பார்த்ததும் நின்றாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். யாரும் சொல்லாமல் சாக்கிலிருந்து அட்டைகளை எடுத்தாள். மு, த், து. கொஞ்சம் யோசித்தாள். மா. ரி.

வெளியே வெள்ளையாக மூட்டம். கதவைச் சாத்திவிட்டோம். மத்தியான நேரத்தில் பள்ளிக்கூடம் எப்படி இருக்கும் என்று அன்றுதான் அவள் பார்த்தாள். எனக்குச் சந்தோஷப்பட வரவில்லை. சேலை முடிச்சு அவிழ்ந்துவிடாமல் இருக்க வேண்டுமே என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டு கை

காப்பிப் பழ விளையாட்டு டீச்சருடையது. பாதையில் பொறுக்கிய பழங்களைக் குவித்துவிடுவார். சிவப்பு, பச்சை, கறுப்பு எல்லாம் கலந்து கிடக்கும். இரண்டு பிள்ளைகள் எதிரெதிரே உட்கார வேண்டும். மற்றவர்கள் ஒரு பாட்டைப் பாடி முடிப்பதற்குள் சிவப்பை மட்டும் பிரித்து, பத்துப் பத்தாகக் கூறு கட்ட வேண்டும். கூறு எத்தனை, உதிரி எத்தனை என்று சொல்ல வேண்டும். மனசில் பத்துகள் உட்கார அதைவிட நல்ல வழி நான் பார்த்ததில்லை.

எழுத்தில் தடுமாறிய முத்துமாரி இதில் யாரையும் கிட்டே விடவில்லை. மற்றவர்கள் ஒரு கையால் பொறுக்குவார்கள். இவள் இரண்டு கையாலும். கண் ஒரு பக்கம் இருக்கும்போதே விரல் மறு பக்கம் பச்சையைத் தள்ளிவிட்டுச் சிவப்பை அள்ளும். பாட்டு முடிவதற்குள் அவள் முன்னால் கூறுகள் வரிசை கட்டி நிற்கும்.

"இவ கை என்ன மிசினா டீச்சர்?" என்று தோற்றவர்கள் முறையிடுவார்கள்.

'அரைப் பேரு' என்ற பட்டம் அப்படியே மறைந்துபோனது. 'மிசினு' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்தப் பேர் அவளுக்குப் பிடித்திருந்தது. பள்ளி விட்ட பிறகும் அவள் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டே நடப்பாள்.

அந்த வருஷம் பழம் முந்திக்கொண்டது. செடிகள் சிவந்துவிட்டன. பெரிய வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் பள்ளியை விட்டு நின்றுவிட்டார்கள். வழக்கமாக நடப்பதுதான். டீச்சர் லயம் லயமாகப் போய் ஒருவனைத் திரும்பப் பிடித்துக்கொண்டு வந்தார். முத்துமாரி தினமும் வந்துகொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அம்மாவோடு செடிக்குப் போனாள். அதைக் கேட்டதும் ஓடினேன். டீச்சரிடம் சொன்னேன். "நீ எல்லாத்துக்கும் கலங்குவ. ஞாயித்துக்கெழம தான?" என்றார்.

ஒரு திங்கட்கிழமை அவள் வரவில்லை. தொட்டில் சும்மா தொங்கியது. அதைச் சுருட்டி மேலே கட்டினேன். பிறகு அவிழ்த்துவிட்டேன். மழையால் தாமதமாயிருக்கும் என்று டீச்சர் சொன்னார். அன்று மழை இல்லை.

சாயங்காலம் லெட்சுமியே வந்தாள். தலையில் தோட்ட வேலைக்குப் போடும் கொங்காணிச் சாக்கு. வாசலுக்கு வெளியிலேயே நின்றாள். முகத்தில் நல்ல சேதி சொல்ல வந்த களை.

"டீச்சரம்மா, ஒங்ககிட்டச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். நேத்து மேஸ்திரி நின்னு பாத்தாரு. இந்தக் கையி யாரு பழக்குனதுன்னு கேட்டாரு. கூடையில பச்சையே விழுகலயாம். பழகுன பொம்பளைகளே இப்பிடிப் பறிக்க மாட்டாங்களாம். சின்னதுகளுக்கு அரைதான் போடுறது. இவளுக்கு முழுசாவே போடுறேன்னு சொல்லிட்டாரு. நான் சொன்னேன், எல்லாம் பள்ளிக்கோடத்து வெளாட்டுத்தாங்கன்னு."

டீச்சர் நாற்காலியிலிருந்து எழுந்தார். "லெட்சுமி, இந்தப் பரிச்ச முடியட்டும். அது வரைக்கும் விடு."

"பழம் பரிச்ச வரைக்கும் நிக்காதுங்களே."

"அவ இப்பத்தான் எழுத்துக் கூட்டி எழுதுறா. இப்ப நிறுத்துனா எல்லாம் போயிரும்."

"போவாதுங்க. மேஸ்திரி அவளத்தான கூப்புட்டு மூட்டைய எண்ணச் சொல்றாரு. பத்துப் பத்தாச் சொல்றா. நீங்க சொல்லிக் குடுத்தது ஒண்ணும் வீணாப் போகல டீச்சரம்மா." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "போன மாசம் கடைக்காரர் கடனுக்கு அரிசி இல்லன்னுட்டாரு. இதுக அப்பா வந்து குடுத்துருவாருன்னு இனிமே நான் சொல்ல முடியாதுங்க."

  லெட்சுமி இரண்டு கையையும் கூப்பினாள். எங்களைக் குத்திக் காட்ட வந்தவள் இல்லை அவள். மனசார நன்றி சொல்லத்தான் வந்திருந்தாள். அதுதான் தாங்கவில்லை.

அவள் போனதும் டீச்சர் மூலையில் கிடந்த காப்பிப் பழங்களைக் காலால் ஒதுக்கினார். பிறகு குனிந்து அள்ளி வெளியே கொட்டினார். மறுநாள் பிள்ளைகள், "டீச்சர், பழம் எங்க?" என்று கேட்டார்கள். "எலி தின்னுருச்சு" என்றார். கோடைக்கானலிலிருந்து ஒரு பை தைலமரக் காய் கொண்டுவந்து, இனி இதுதான் என்றார்.

சரிவில்

அதற்குப் பிறகு ஒரு தரம் முத்துமாரியைப் பார்த்தேன். விறகுக்குச் சொல்லிவிட்டு வரும் வழியில். பாதைக்கு மேலே சரிவில் பறிப்பு நடந்துகொண்டிருந்தது. ஆட்கள் தெரியவில்லை. செடி அசைவது மட்டும் தெரிந்தது.

"சாந்தியக்கா!"

கிளைகளுக்கு நடுவே அவள் முகம். இடுப்பில் கூடை. விரல் நுனியெல்லாம் பிசுபிசுவென்று கறுத்திருந்தது. என்னைப் பார்த்துக்கொண்டே பறித்தாள்.

"இப்ப என்னக்கா வெளாட்டு?"

"கடைசி எழுத்து. நான் ஒரு சொல்லு சொல்லுவேன். அது முடியிற எழுத்துல நீ ஆரம்பிக்கணும். 'ம்'முல முடிஞ்சா ம, மா, மி எது வேணாலும் வச்சுக்கலாம். ஊர்ப் பேரு சொல்லக் கூடாது."

"சொல்லுங்க."

"இப்பவா? மேஸ்திரி திட்டுவாரு புள்ள."

"அவரு அந்த நெரையில இருக்காருக்கா. வெரசாச் சொல்லுங்க."

நான் இரண்டு பக்கமும் பார்த்தேன். "மரம்."

"மண்டபம்!"

"ஊர்ப் பேரு கூடாதுன்னு சொன்னேன்ல."

"அது ஊரு இல்லக்கா. கேம்ப்பு."

"சரி. மூட்டம்."

அவள் வாயைத் திறந்தாள். மேலே எங்கிருந்தோ, "அங்க என்ன பேச்சு? கையி ஓடட்டும்" என்று மேஸ்திரியின் சத்தம் வந்தது. செடிகள் மூடிக்கொண்டன. அவள் இருந்த இடத்தில் இலை மட்டும் ஆடியது. அவளைத் திட்டு வாங்க வைத்துவிட்டோமே என்று பதறி நான் நகரப் பார்த்தேன்.

அப்போது பக்கத்துச் செடிக்குப் பின்னாலிருந்து இன்னொரு குரல் வந்தது. முதுகில் கைப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு, தலை நிமிராமல், பறிப்பதை நிறுத்தாமல், லெட்சுமி சொன்னாள்.

"மத்தியானம்."

மகளுக்காக அவள் சொல்லிக் கொடுத்த சொல். அதுவும் 'ம்'மில்தான் முடிகிறது. அடுத்தது என் முறை. இரண்டு செடிகளும் காத்திருப்பது எனக்குத் தெரிந்தது. ம-வில் எனக்கு எத்தனையோ சொல் தெரியும். ஒன்றும் வரவில்லை. உலை வைக்க நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன்.